முப்பத்து மூன்றில் ஓடிய மெஷின்

"மாமா, விடுங்க! ஷாக் அடிக்கப் போகுது!"

தாட்சாயிணி சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தாள். கை முழுக்க இட்லி மாவு.

கலியமூர்த்தி காதில் வாங்கவில்லை. ஆபீஸ் அறையின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் சாய்த்துக்கொண்டு, அதன் முகப்பைக் கட்டிங் பிளேயரால் நெம்பினார். பிளாஸ்டிக் பிளந்தது. உள்ளேயிருந்து மெல்லிய ஒயர்கள் சரிந்து தொங்கின.

"கரண்டை ஆஃப் பண்ணிட்டேன் அண்ணி, ஷாக்கெல்லாம் அடிக்காது. ஆனா பெருசு இன்னா பண்ணுதுன்னுதான் புரியல" என்றான் அய்யாசாமி. அம்பத்தூர் ஓ.டி.யில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்பவன். ஞாயிற்றுக்கிழமை, ஷேர் மார்க்கெட் இல்லை, பழைய மெஷினை எடுத்துக்கொண்டு புதுசை மாட்டலாம் என்று அட்டைப் பெட்டிகளோடு வந்து இறங்கியிருந்தான். இப்போது சுவரோடு ஒட்டி நின்றான்.

நறுக். நறுக்.

இரண்டு ஒயர்கள் அறுந்தன. கலியமூர்த்தி கையை உயர்த்தினார். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புப் பட்டன். பிளாஸ்டிக் கீறி விரலில் ரத்தம்.

"இதான்மா" என்றார். "மதுரைவீரனைக் கொன்னது இதான்."

தாட்சாயிணி அப்படியே நின்றாள்.

அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது நடந்த நாளிலிருந்தே.

ராணுவ டாங்க் பாக்டரியில் கலியமூர்த்தியோடு ஒரே எஞ்சின் பெஞ்சில் வேலை பார்த்தவர் மதுரைவீரன். குவார்ட்டர்ஸில் எதிர் வீடு. இருவருக்கும் ஒரே நாளில் மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். அவர் நூம்பலில் வீடு கட்டிக்கொண்டு போனார். இவர் கோவில்பதாகையில். கலியமூர்த்தியின் மகன் குணசேகரன், வீட்டின் முன்னறையில் 'தாட்சாயிணி இன்வெஸ்ட்மென்ட்ஸ்' என்று மனைவி பெயரில் போர்டு மாட்டி, மார்க்கெட்டோடு இணைக்க மாடியில் டிஷ் நட்டு, ஷேர் வியாபாரம் தொடங்கியபோது முதல் ஆளாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் மதுரைவீரன்தான். ரிடையரானபோது கையில் வந்ததையெல்லாம் கொற்றவை சிமென்ட் என்ற ஒரே கம்பெனியில் போட்டார்.

தீபாவளிக்குப் பிறகு ஒரு காலையில் கொற்றவை சிமென்ட் சரிந்தது. "வித்துடு குணா, வித்துடு குணா" என்று இந்த அறையில் நின்று மதுரைவீரன் கதறினார். அந்த நேரம் பார்த்து மெஷின் ஹேங் ஆனது. குணசேகரன் அதை மறுபடி கிளப்பி, டிஷ்ஷோடு இணைத்து முடிப்பதற்குள், அந்த ஷேரை வாங்க ஊரில் ஒரு ஆள் மிச்சமில்லை.

மதுரைவீரன் அன்று வீட்டுக்குப் போகவில்லை. தண்டவாளத்துக்குப் போனார்.

இன்று அவருக்குக் கருமாதி.

"ஒரு பட்டன் எப்படி மாமா ஆளைக் கொல்லும்?" தாட்சாயிணி குரலைத் தணித்துக் கேட்டாள்.

அய்யாசாமிதான் முந்திக்கொண்டான்.

"அண்ணி, என் மேல தப்பில்ல. எக்ஸ்சேஞ்சுக்கு வேலை செய்யுதான்னு ஆன் பண்ணிப் பாத்தேன். முன்னாடி ஸ்பீடு நம்பர் முப்பத்தி மூணு எரியுது. இது அறுபத்தாறு மெஷின். யாரோ ஸ்பீடைக் கூட்டற டர்போ பட்டனை ஆஃப் பண்ணி வெச்சுகீறாங்க. 'பாதி ஸ்பீடுல ஓட்னா தொங்காம இன்னா பண்ணும்'னு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். அவ்ளோதான். பெருசு பிளேயரைத் தூக்கிடுச்சு."

"யாரோ இல்லடா. நான்தான்."

கலியமூர்த்தி பட்டனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தெனம் காத்தால ரூமைப் பெருக்கச்சே அமுக்கி உட்ருவேன். அறுபத்தாறு முப்பத்தி மூணு ஆயிடும். சாயந்திரம் மூடச்சே பாப்பேன், அப்படியே கீதான்னு."

"எதுக்கு மாமா?"

"புது எஞ்சின் இல்லியாம்மா? பாக்டரில ஓவர்ஹால் முடிஞ்ச எஞ்சினை எடுத்த எடுப்புல வெரட்ட மாட்டோம். பெஞ்சுல ஏத்தி, மெதுவா ஓட உடணும். ரிங்கும் பிஸ்டனும் ஒண்ணோட ஒண்ணு பழகணும். அதான் ரன்னிங்-இன். அதைச் செய்யாம ஃபுல் ஸ்பீடு குடுத்தா எஞ்சின் புடிச்சிக்கும். காலம் பூரா நானும் அவனும் அதைத்தானே பாத்தோம்? இதுவும் மெஷின்தானே. பொங்கல் வரிக்கும் பாதில ஓடட்டும், அப்பால அமுக்கி உட்டுக்கலாம்னு..."

வேறொரு நாளாயிருந்தால் அய்யாசாமி இந்தக் கதையை ஓ.டி. பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பான். இப்போது அவன் செருப்பின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயா நைனா?"

வாசலில் குணசேகரன். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. சவரம் பாதியில் நின்ற முகம். கழுத்தில் துண்டு.

"அப்ப நீதானா? ராம் மெமரி பத்தல, மெஷின் மட்டம்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறேன். ஊட்டுக்குள்ளயே உக்காந்துக்கினு நீ..."

குரலில் கோபம் இருந்தது. ஆனால் தாட்சாயிணி அவன் முகத்தைத்தான் பார்த்தாள். அது கோபப்படுகிறவனின் முகமாக இல்லை. வெகுதூரம் சுமந்து வந்த மூட்டையை யாரோ வாங்கிக்கொண்டதும் தோளை நிமிர்த்துகிறவனின் முகம்.

கலியமூர்த்தி எழுந்தார். பட்டனைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நூம்பல் போறேன்."

"காரியத்துக்குத்தானே? நாங்களும் வர்றோம் மாமா. சாப்பிட்டுட்டு—"

"சாப்பாடு வேணாம்மா. ஜனம் கலையறதுக்குள்ள போவணும். எல்லாரும் இருக்கச்சே இதை நாகவல்லி கையில குடுத்து, உம் புருசனைக் கொன்னவன் நான்னு சொல்லிடணும்."

குணசேகரன் குறுக்கே வந்தான். "இன்னா பேசற நைனா? அந்தம்மா தம்பிங்க எல்லாம் அங்கதான் கீறானுங்க. அடிச்சே போட்ருவானுங்க."

"அடிக்கட்டும்டா."

"வெளிய தெரிஞ்சா ஒருத்தன் நம்ம படி ஏற மாட்டான்."

கலியமூர்த்தி மகனை ஏற இறங்கப் பார்த்தார். "அவன் பொணத்தை நாலு பேரு தேடிப் பொறுக்குனானுங்க. நானும் ஒருத்தன். உனக்குப் படி ஏறலன்னு கவலை."

அவ்வளவுதான். வெளியே டிவிஎஸ் ஃபிப்டியை அவர் மிதிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு முறை அடங்கிப் பிறகு கிளம்பியது.

"பின்னாடியே போங்க" என்றாள் தாட்சாயிணி.

குணசேகரன் துண்டால் முகத்து நுரையைத் துடைத்தான். "சொல்லட்டும் உடு. சொல்லிட்டா அவருக்கு மனசு ஆறிடும்."

அவள் நம்ப முடியாமல் நின்றாள். அவன் அய்யாசாமி பக்கம் திரும்பிவிட்டான்.

"நீ வந்த வேலையைப் பாரு. இன்னா கொண்டாந்திருக்கே?"

அய்யாசாமிக்கு உயிர் வந்தது. அட்டைப் பெட்டியைத் தட்டினான். "பென்டியம் நூறு அண்ணாத்தே. நூத்தி முப்பத்தி மூணு வோணும்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு சேட்டு வெச்சுகீறான். ஆனா வெலை கொஞ்சம்—"

"நூத்தி முப்பத்தி மூணே போடு."

"ராம் பதினாறு எம்பி போதும். சாஃப்ட்வேர்க்காரனே பதினாறுதான் கேக்கறான்."

"முப்பத்திரண்டு போடு."

"மானிட்டர் பழசையே வெச்சுக்கலாம், அது நல்லாத்தான்—"

"வேணாம். யூபிஎஸ், கீபோர்டு, ஒயருங்க, எல்லாம் புதுசு. பழசுல ஒரு ஸ்க்ரூ கூட இந்த ரூம்ல இருக்கக் கூடாது. இப்பவே எடுத்துக்கினு போயிடு."

அய்யாசாமி வாயைத் திறந்தபடி நின்றான். முதல் மெஷின் வாங்கும்போது இதே குணசேகரன் அவனை ஆவடிக்கும் ஓ.டி.க்கும் அலையவிட்டவன். நாலு எம்பியா எட்டு எம்பியா என்று வாரக்கணக்கில் இழுத்தான். மௌஸுக்கு அடியில் போடுகிற ரப்பர் அட்டையை இனாமாகக் கொடுத்தால்தான் ஆச்சு என்று நின்றான். கீரைக்கட்டுக்குப் பேரம் பேசுகிறவன்.

தாட்சாயிணிக்கும் அதுதான் உறுத்தியது.

"இவ்வளவு பெரிய மெஷின் நமக்கு எதுக்குங்க?"

"கஸ்டமருங்க பாக்கணும். மெஷின் கோளாறு, மாத்தியாச்சுன்னு தெரியணும்."

"இப்பதான் மாமா மேல கோளாறுன்னீங்க."

"ரெண்டும்தான். நீ உள்ள போ."

அவள் உள்ளே போகவில்லை. மாவு காய்ந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அய்யாசாமி, உண்மையைச் சொல்லு. பாதி ஸ்பீடுல ஓடினா மெஷின் ஹேங் ஆகுமா?"

அவன் குணசேகரனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"ஸ்லோவா ஓடும் அண்ணி. ஒரு எழுத்து அடிச்சா கொஞ்சம் நின்னு வரும். ஹேங் ஆவறது வேற சமாச்சாரம். அது ராம் பத்தலன்னா ஆவும். சூடு ஏறினா ஆவும். நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பெருசு இப்படி எடுத்துக்கும்னு யாரு கண்டா?"

"முன்னாடி எரியுற நம்பர்?"

"அது சும்மா ஷோ. நான் உள்ள எந்த நம்பரை செட் பண்றேனோ அதான் எரியும். உள்ள மெஷின் செத்துக் கெடந்தாலும் அது பாட்டுக்கு எரிஞ்சுக்கினு இருக்கும்."

"ஹேங் ஆனாலும் எரியுமா?"

"கரண்டு இருக்கிற வரிக்கும் எரியும்."

தாட்சாயிணி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

வருகிறவர்கள் கண்ணில் அறுபத்தாறு தெரியட்டும் என்று குணசேகரன் பெட்டியின் முகப்பைப் பெஞ்சுப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். கரண்டு ஒயர் சொருகியிருந்த முதுகுப் பக்கம் அவன் நாற்காலியைப் பார்த்திருக்கும். திரை அவனுக்கு மட்டும் தெரியும்.

அன்று அவள் பெஞ்சுப் பக்கம்தான் நின்றாள். மதுரைவீரனுக்குத் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். அவர் டம்ளரை வாங்கவில்லை. "எம் பேரு ஆர்டர்ல ஏறிச்சா குணா? ஸ்கிரீனைக் காட்டு, நானே பாக்கறேன்" என்று மேஜையைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினார். அப்போதுதான் குணசேகரன் கத்தினான், "ஐயையோ, ஹேங் ஆயிடுச்சு!"

அவள் உடனே பெட்டியைப் பார்த்தாள். எல்லோருமே பார்த்தார்கள்.

சிவப்பு எண்கள் அங்கே இல்லை. கறுப்பாகக் கிடந்தது முகப்பு. தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"நம்பர் அணைஞ்சிருந்துச்சு" என்றாள்.

"எது?" குணசேகரன் திரும்பவில்லை.

"நீங்க ஹேங்னு கத்தினப்போ. ஃபேன் ஓடிச்சு, லைட் எரிஞ்சுது. மெஷினுக்கு மட்டும் கரண்டு இல்ல. ஒயர் உங்க கைப்பக்கம்தான் இருந்தது."

அய்யாசாமிக்குத் திடீரென்று அட்டைப் பெட்டியில் ஒட்டிய டேப்பைப் பிரிக்கும் வேலை மிக முக்கியமாகிவிட்டது.

"நீ இன்னா போலீஸா?" என்றான் குணசேகரன். "ஒயர் லூசா இருந்திருக்கும்."

"லூசா இருந்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பீங்க. ராம், மெஷின்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லியிருக்க மாட்டீங்க."

குணசேகரன் பழைய கீபோர்டின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினான்.

"அங்க போயி தன்னைக் கொலைகாரன்னு சொல்லப் போறாருங்க உங்க அப்பா. சொன்னா மனசு ஆறும்கறீங்க. இத்தனை நாளா காரணம் தெரியாமலே அவர் ராத்திரியில தூங்கல. இப்ப காரணமும் கெடச்சுடுச்சு. இனி அவர் சோறு திங்க மாட்டாரு. உங்களுக்கு அது தெரியும்."

அவள் செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?"

"ஆட்டோ பிடிச்சு நூம்பல். என் பேர்லதானே போர்டு மாட்டியிருக்கீங்க? நானே சொல்லிக்கறேன்."

அவள் கேட்டைத் திறப்பதற்குள் ஸ்கூட்டர் சாவியின் சத்தம் பின்னால் கேட்டது.

குணசேகரன் ஓட்ட, ஸ்கூட்டர் பருத்திப்பட்டைத் தாண்டியது. தூறல் பிடித்திருந்தது. ரோட்டில் லாரி ஓடிய பள்ளமெல்லாம் செந்தண்ணீர்.

"ஆமா" என்றான் குணசேகரன், தலையைத் திருப்பாமல். "நான்தான் ஒயரைப் புடுங்கினேன்."

அவள் எதிர்பார்த்ததுதான். ஆனாலும் பின்சீட்டுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்?"

"கேக்காத."

"ஸ்கிரீன்ல என்ன இருந்தது? அவர் பார்க்கக் கூடாதது?"

ஸ்கூட்டர் மெதுவானது. ஒரு டீக்கடை ஓரம் ஒதுக்கி நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. மழைத்தண்ணீர் அவன் மோவாயிலிருந்து சொட்டியது. ஒரு கன்னம் மழித்தது, ஒரு கன்னம் மழிக்காதது.

"திரும்பிடலாம் தாட்சா. பட்டன்னே அவரு நெனச்சுக்கட்டும்."

"அவரு அடி வாங்கறதுக்கா?"

"பட்டன்னா அது தெரியாமப் பண்ணது. அழுவாரு, அடி வாங்குவாரு, ஆனா உசுரோட இருப்பாரு. எனக்கு அது போதும்."

"உங்களைக் காப்பாத்திக்க அப்பாவைத் தள்ளி விடறீங்க. அதை இவ்வளவு அழகா வேற சொல்றீங்க."

குணசேகரன் அவளை ஒரு நிமிடம் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான்.

"அப்படியே வெச்சுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு கியரைப் போட்டான்.

நூம்பலில் காரியம் முடிந்து குளக்கரையிலிருந்து எல்லோரும் திரும்பியிருந்தார்கள். வீட்டு வாசலில் ஷாமியானா. வாடகை நாற்காலிகள் பாதி காலி, பாதி ஆள். பின்பக்கம் அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. மதுரைவீரனின் மகன் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

தாட்சாயிணி ஸ்கூட்டரிலிருந்து குதித்தாள். தாமதம்தான்.

நாகவல்லி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வீட்டுக் கோடிப் புடவை. வெறும் நெற்றி. அவளுக்கு எதிரே மண்டி போட்டிருந்தார் கலியமூர்த்தி. கைக்குட்டை விரிந்து கிடந்தது.

"இன்னாண்ணே இது?" நாகவல்லி பட்டனை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இந்தத் தம்மாத்தூண்டு சாமானா?"

"ஸ்பீடு பட்டன் நாகவல்லி. நான்தான் தெனம் அமுக்கி, மெஷினைப் பாதில ஓட உட்டேன். அதுனாலதான் அன்னிக்கு..."

"ரன்னிங்-இன்னுக்காண்ணே?"

அந்தக் கூட்டத்தில் யாருக்கும் புரியாததை அவள் ஒரே வார்த்தையில் பிடித்துக்கொண்டாள். கலியமூர்த்தி தலையசைத்தார்.

"அவரும் அப்படித்தான்" என்றாள் நாகவல்லி. "புது மிக்ஸி வாங்கியாந்தாரு. ஒண்ணாம் நம்பருக்கு மேல வெக்க உடமாட்டாரு. சட்னி நறநறன்னு கெடக்கும். 'பழகட்டும்டி, பழகட்டும்டி'ம்பாரு."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று முகத்தை மூடிக்கொண்டாள். குலுங்கினாள். அதுவரை பேசாமல் நின்ற அவள் தம்பி பாய்ந்து வந்து கலியமூர்த்தியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான்.

"யோவ்! எங்க மாமனைக் கொன்னுட்டு, பட்டனைக் கொண்டாந்து கதை உடறியா?"

சட்டைத் துணி கிழிந்தது. கலியமூர்த்தி கையைக் கூட உயர்த்தவில்லை. அடிக்கு வாகாக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"விடுங்க அவரை!"

தாட்சாயிணி நடுவில் புகுந்தாள். பிடித்திருந்த கையை இரண்டு கையாலும் பிய்த்தாள்.

"அவர் மேல தப்பில்ல. அன்னிக்கு மெஷின் ஹேங்கே ஆகல!"

கரண்டியின் சத்தம் கூட நின்றது. கலியமூர்த்தி மருமகளைப் பார்த்தார். நாகவல்லிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

"இன்னாம்மா சொல்ற?"

"பட்டனும் இல்ல, ராமும் இல்ல மாமா. நான் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவர் அதோ நிக்கறாரு."

எல்லாத் தலையும் திரும்பியது. குணசேகரன் ஷாமியானாவுக்கு வெளியே, மழையில், ஸ்கூட்டரைப் பிடித்தபடி நின்றான்.

"குணா." நாகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குவார்ட்டர்ஸ்ல உங்க ஆத்தா ஷிப்டு பாத்துட்டு வர்ற வரிக்கும் எங்க ஊட்ல சோறு துன்னவன் நீ. வா இப்படி. சொல்லு."

அவன் வந்தான். ஷாமியானாவின் ஓரத்தில் நின்றுகொண்டான்.

"ஒயரைப் புடுங்கிட்டேன் அத்தே."

"ஏன்?"

"வீரன் மாமா ஸ்கிரீனைப் பாக்கறேன்னு எழுந்து வந்தாரு. பாத்திருந்தா தெரிஞ்சு போயிருக்கும்."

"இன்னா தெரிஞ்சிருக்கும்?"

"அவரோட ஆர்டரை நான் அடிக்கவே இல்லன்னு."

நாகவல்லியின் மகன் மொட்டைத் தலையை நிமிர்த்தினான். குணசேகரன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்பதுபோல் வேகமாகப் பேசினான்.

"வாங்கறதுக்குக் கொஞ்சம் ஆளுங்கதான் மிச்சம் இருந்தாங்க அத்தே. ஸ்கிரீன்ல அது தெரிஞ்சுது. ஒருத்தருக்குத்தான் பத்தும். வேற ஒருத்தரோட ஷேரை வித்தேன். அது போயிடுச்சு. அதோட வாங்கற ஆளு தீந்து போச்சு. அதுக்கப்பறம் வீரன் மாமா பேரை அடிச்சாலும் ஒண்ணுதான், அடிக்காட்டியும் ஒண்ணுதான்."

"உன்னுதை வித்துக்கினியாடா நாயே!" தம்பி மறுபடி பாய்ந்தான். இரண்டு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னுது இல்ல. என் பேர்ல ஒரு ஷேர் கெடையாது."

போர்டில் இருப்பது தாட்சாயிணியின் பெயர்.

"என்னோடதா?" என்று கேட்டாள்.

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"பின்ன யாருது?" என்றாள் நாகவல்லி. கத்தவில்லை. பட்டனை இன்னும் கையில் வைத்திருந்தாள். "எம் புருசன் பேரை வெச்சுட்டு வேற யாரு பேரைடா முன்னாடி போட்டே?"

குணசேகரன் அவளைப் பார்க்கவில்லை. மனைவியையும் பார்க்கவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தான். கிழிந்த சட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்த தகப்பன் முன்னால் குந்தினான். அவர் முழங்காலைத் தொட்டான்.

கலியமூர்த்தியின் முகத்தில் ஒரு சின்ன ஆறுதல் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. தான் கொல்லவில்லை என்ற ஆறுதல். மகனின் தலையில் கை வைத்தார்.

"சொல்லிடுடா. யாரா இருந்தாலும் சொல்லிடு."

"உன் ரிடையர்மென்ட் பணத்தைப் போஸ்ட் ஆபீஸ்ல போட்டுட்டேன்னு சொன்னேன் இல்ல நைனா?"

"ஆமா."

"போடல. வீரன் மாமா வாங்கன அன்னிக்கே, அதே சிமென்ட்டுல, உம் பேர்ல வாங்கினேன்."

தலையில் இருந்த கை அசையவில்லை.

"அன்னிக்கு ரெண்டு பேரும் தப்பிக்க முடியாது நைனா. ஒருத்தர்தான். உன்னுதை வித்துட்டேன்."